பழைய மரவீட்டின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னும் பின்னும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1920களில் கட்டப்பட்ட இரண்டு மாடி மரவீடு ஒன்றை வாங்கியிருக்கும் தம்பதி கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டை விற்றவர் விற்பதற்குச் சற்று முன்னர் வெளிப்புறம் முழுவதும் பெயிண்ட் அடித்திருக்கிறார். நான்கு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில் தெற்குச் சுவரிலும், மாடிக் குளியலறைக்கு வெளிப்பக்கத்திலும், சன்னல்களின் அடிக்கட்டைகளிலும் அது செதில் செதிலாக உரிகிறது. அழைத்துக் கேட்ட ஒப்பந்தக்காரர், உயர் அழுத்த நீரைப் பீய்ச்சிக் கழுவி, ஒரு கோட் அடித்து, ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். எந்தப் பெயிண்ட் வாங்கினால் நெடுநாள் நிற்கும், வேலையில் எவ்வளவைத் தாங்களே செய்யலாம், மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா என்ற மூன்றையும் அவர்கள் அறிய விரும்புகிறார்கள்.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குரிய பதிலைப் பொறுத்துத்தான் மற்றவை அமையும். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் சேர்ப்பது 1978இல் தடைசெய்யப்பட்டது. 1940க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் 87 சதவீதத்தில் ஈயப் பெயிண்ட் இருப்பதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணித்திருக்கிறது. எனவே உங்கள் வீட்டின் வெளிச்சுவரில், மேலே இருக்கும் புதிய பூச்சுக்கு அடியில், எண்ணெயில் குழைத்த வெள்ளை நிற ஈயப் பொடி இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும். உரியாமல் பலகையோடு கெட்டியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சு உடனடித் தீங்கு செய்வதில்லை. அதைச் சுரண்டும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூசியும், சுவரோரத்து மண்ணில் விழும் செதில்களும்தான் கைவிரல் வழியாகக் குழந்தையின் வாய்க்குப் போகின்றன. நம்மவர்கள் வெயில் நன்றாக விழுகிறது என்பதற்காகத் தெற்குச் சுவரை ஒட்டியே கீரையும் தக்காளியும் கத்தரியும் போடும் வழக்கம் உண்டு. பழைய மரவீட்டில் அந்த இடத்து மண்ணைப் பரிசோதிக்காமல் அதில் எதையும் பயிரிடாதீர்கள். சுவரிலிருந்து தள்ளி, புதிய மண் நிரப்பிய மேடைப் பாத்தியில் போடுங்கள்.

மாசசூசெட்ஸ் சட்டப்படி, 1978க்கு முன் கட்டப்பட்ட வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை வசித்தால் ஈயப் பெயிண்டால் வரக்கூடிய அபாயங்களை வீட்டு உரிமையாளர் அகற்றவோ மூடவோ வேண்டும். ஆகவே முதலில் நீங்கள் அழைக்க வேண்டியவர் பெயிண்டர் அல்லர், மாநில உரிமம் பெற்ற ஈய ஆய்வாளர். எந்தெந்தப் பகுதியில் ஈயம் இருக்கிறது, எந்த வேலையை உரிமையாளர் செய்யலாம், எதை உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும் என்பது அவருடைய அறிக்கையிலிருந்து தெளிவாகும். குழந்தையின் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும் பரிசோதனை அந்த மாநிலத்தில் மூன்று வயதுவரை கட்டாயமாகச் செய்யப்படுவதுதான். வேலை தொடங்குமுன் அந்த முடிவை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொண்டால், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கூலிக்கு வருபவருக்கும் விதிகள் உண்டு. 2010 ஏப்ரல் முதல், இத்தகைய வீடுகளின் வெளிப்புறத்தில் 20 சதுர அடிக்கு மேல் பழைய பெயிண்டைக் கலைக்கும் நிறுவனம், ஈயப் பாதுகாப்பு முறைகளில் பயிற்சியும் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும். சுவரடியிலிருந்து குறைந்தது 10 அடி தூரத்துக்குத் தரையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட வேண்டும். தீச்சுடரால் பெயிண்டை எரித்து எடுப்பதும், 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடாகும் கருவியைப் பயன்படுத்துவதும், மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டியுடன் கூடிய உறிஞ்சி இணைக்காமல் இயந்திரத்தால் தேய்ப்பதும் தடை செய்யப்பட்டவை. சுடர் வைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பழைய பலகைகளுக்குப் பின்னால் நூறாண்டுத் தூசியும் பறவைக்கூடுகளும் காய்ந்து கிடக்கும். உள்ளே போன நெருப்பு ஆட்கள் வேலை முடித்துப் போன பிறகும் கனன்றுகொண்டிருக்கும்.

இனி, எந்தப் பெயிண்ட் என்ற கேள்வி. நான்கு ஆண்டுகளில் உரிந்ததற்குப் பெயிண்டின் தரம் காரணமாக இருப்பது மிகவும் அரிது. நீங்கள் சொல்லும் மூன்று இடங்களுமே வெவ்வேறு காரணங்களைச் சுட்டுகின்றன. கடையில் உள்ளதிலேயே விலை உயர்ந்த பெயிண்டை வாங்கி அந்த மூன்று இடங்களிலும் பூசினாலும் அது அதே வேகத்தில் உரியும். தமிழ்நாட்டில் பொங்கலுக்கு முன் செங்கல் சுவருக்கு வெள்ளையடித்துப் பழகிய நமக்கு இது எளிதில் மனத்தில் பதிவதில்லை. சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை உறிஞ்சி, விட்டுவிடும். அதன் அளவு மாறுவதில்லை. மரமோ ஈரம் ஏறினால் உப்பி, காய்ந்தால் சுருங்குகிறது. அதன் மேலுள்ள பூச்சு ஒவ்வொரு முறையும் அதனுடன் இழுபட வேண்டியிருக்கிறது. அதனால் மரவீட்டில் பெயிண்ட் வாங்குவதற்கு முன், உரிந்ததை எடுத்துப் படிக்க வேண்டும்.

நல்ல வெளிச்சத்தில் ஒரு செதிலைக் கையில் எடுத்து அதன் பின்புறத்தைப் பாருங்கள். அதில் சாம்பல் நிறத்தில் மெல்லிய மரநார்கள் ஒட்டியிருந்தால், பெயிண்ட் மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, மரத்தின் மேற்பரப்பே பிய்ந்து வந்துவிட்டது என்று பொருள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மரநார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. பூச்சில்லாமல் வெயிலில் கிடந்த பலகையின் மேல்தோல் பிடிப்பற்றுப் போகிறது. தெற்குச் சுவரில் நீங்கள் பெரும்பாலும் காணப்போவது இதுதான்: முன்பு உரிந்து நரைத்துப்போன மரத்தைத் தேய்க்காமல் அதன் மேலேயே அடித்திருப்பார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் 1910 முதல் இயங்கிவரும் அமெரிக்க வனத்துறையின் மரப்பொருள் ஆய்வகம் இதைப் பல்லாண்டுகள் சோதித்து, புதுப் பலகையைக்கூட இரண்டு வாரத்துக்கு மேல் வெயிலில் வெறுமையாக விடக் கூடாது என்று அறிவுறுத்துகிறது. சுரண்டிய சுவரை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

செதிலின் பின்புறம் சுத்தமாக இருந்து, அடியில் மரமும் சுத்தமாகத் தெரிந்தால் பின்னாலிருந்து ஈரம் தள்ளியிருக்கிறது. குளியலறைப் பக்கத்துச் சுவர் அநேகமாக இந்த வகை. மேல் பூச்சு மட்டும் உரிந்து பழைய பூச்சு அப்படியே நின்றால், அழுக்கின் மீதோ, வெயிலில் மாவாகிப்போன பழைய பெயிண்டின் மீதோ, பளபளப்பான எண்ணெய்ப் பெயிண்டைத் தேய்க்காமல் அதன் மீதோ அடித்திருக்கிறார்கள். கறுப்புத் துணியால் பழைய பூச்சை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். வெள்ளை மாவு படிந்தால் அதுதான் காரணம். இவற்றுக்கெல்லாம் வேறான நான்காவது நிலை ஒன்றும் உண்டு. நூறாண்டில் பல அடுக்குகளாக ஏறிய எண்ணெய்ப் பெயிண்ட் இறுகி, பலகையின் நாருக்குக் குறுக்கே வெடித்து நிற்கும். அப்படியானால் அந்தப் பகுதியில் எல்லா அடுக்குகளையும் மரம்வரை எடுத்தாக வேண்டும். வேறு வழி இல்லை. மற்றபடி, கெட்டியாக நிற்கும் பழைய பூச்சை எடுக்கத் தேவையே இல்லை. ஈயம் உள்ள வீட்டில் தேவையில்லாமல் ஓர் அங்குலத்தைக்கூடச் சுரண்டாதிருப்பதே நல்லது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். குளியலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி இருக்கிறதா, அதன் குழாய் உண்மையிலேயே வீட்டுக்கு வெளியே திறக்கிறதா, அல்லது பரணிலேயே முடிந்துவிடுகிறதா என்று ஏறிப் பாருங்கள். சமையலறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க வீடுகள் பலவற்றில் அடுப்பின் மேலுள்ள விசிறி புகையை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும் வகையைச் சேர்ந்தது. சன்னல்களை மூடிவைக்கும் குளிர்காலத்தில் நாள்தோறும் இட்லி அவிப்பதும், சோறு வடிப்பதும், சாம்பார் கொதிப்பதுமாக நம் சமையலில் எழும் நீராவி, வெளியேற வழியின்றிச் சுவருக்குள் புகுந்து, குளிர்ந்திருக்கும் வெளிப்பலகையின் பின்புறத்தில் நீராகப் படியும். 1920களின் வீடுகளில் சுவருக்குள் வெற்றிடமாக இருந்த இடத்தில், குளிர் காப்புக்காகப் பிற்காலத்தில் காகித நாரை ஊதி நிரப்பியிருந்தால் இது இன்னும் கடுமையாகும்; அதற்கு முன் பல பத்தாண்டுகள் பெயிண்டைத் தாங்கிய சுவர், நிரப்பிய சில ஆண்டுகளுக்குள் உரியத் தொடங்குவது நன்கு அறியப்பட்ட நிகழ்வு. வெளியே செல்லும் விசிறிகளைப் பொருத்துவதும், சுவரின் உட்புறத்தில் உள்ள இடைவெளிகளை அடைப்பதும், ஈரத்தை மட்டுப்படுத்தும் உட்புறப் பெயிண்ட் அடிப்பதும்தான் அதற்கு மருந்து. வெளிப்பெயிண்டால் அதைத் தீர்க்க முடியாது.

வெளியிலிருந்து வரும் நீரைப் பொறுத்தவரை, மழை பெய்யும்போது குடையுடன் வீட்டைச் சுற்றி வருவதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. கூரையோரத்து மழைநீர்க் கால்வாய் இலை அடைத்து வழிகிறதா, இறங்கு குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா, தாழ்வாரக் கூரையில் பட்டுத் தெறிக்கும் நீர் சுவரை நனைக்கிறதா என்பதெல்லாம் அப்போது கண்ணுக்கு நேராகத் தெரியும். கடைசிப் பலகைக்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது 6 முதல் 8 அங்குல இடைவெளி வேண்டும். சுவரை உரசும் செடிகளை வெட்டிவிட வேண்டும்.

இவை முடிந்த பின்னரே கழுவும் வேலை. உயர் அழுத்த நீரை நான் ஏற்பதில்லை. இத்தகைய வீட்டின் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து அமைந்தவை. மேலிருந்து வழியும் மழையைத் தள்ளத்தான் அவற்றின் அமைப்பு, கீழிருந்தும் பக்கவாட்டிலும் பீய்ச்சும் நீரைத் தடுக்க அல்ல. அந்த நீர் பலகைக்குப் பின்னால் போய்த் தங்கும், மரநாரைக் கிழிக்கும், ஈயச் செதில்களைத் தோட்டம் முழுவதும் தெறிக்கவிடும். தோட்டக் குழாயின் சாதாரண வேகமும், நீண்ட கைப்பிடியுள்ள மென்மையான பிரஷும், மிதமான சோப்புக் கரைசலும் போதுமானவை. கறுப்பாகப் படிந்திருப்பது அழுக்கா பூஞ்சையா என்ற ஐயம் வந்தால் ஒரு சொட்டு சலவை ப்ளீச் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் நிறம் போனால் பூஞ்சை, போகாவிட்டால் அழுக்கு. பூஞ்சை இருந்தால் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு மூன்று பங்கு நீர் கலந்து தடவி, சற்று நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசிவிட வேண்டும். அம்மோனியா உள்ள எந்தத் திரவத்தையும் ப்ளீச்சுடன் கலக்கக் கூடாது. நச்சு வாயு எழும். பூஞ்சை மீது பெயிண்ட் அடித்தால் அது பூச்சைத் துளைத்துக்கொண்டு மேலே வரும்.

கழுவிய பிறகு பல நாட்கள் நல்ல வெயிலில் காயவிட வேண்டும். இரண்டு ஊசிகளைப் பலகையில் குத்தி ஈரப்பதத்தைக் காட்டும் சிறு கருவி பெரிய விலையில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே வராத பலகையில் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு அடியில் மரத்தைப் பிடித்துக்கொள்ள அடிக்கும் முதல் பூச்சு, வைக்கக் கூடாது. குளியலறைப் பக்கத்துச் சுவர் எத்தனை நாள் காய்ந்தும் 18, 20 என்று காட்டிக்கொண்டே இருந்தால், ஈரத்தின் மூலத்தை நீங்கள் இன்னும் அடைக்கவில்லை என்று அறியலாம். அந்தச் சுவரை மட்டும் நிறுத்திவைத்து மற்றவற்றைச் செய்யலாம்.

சுரண்டும் வேலையை, மூன்று வயதுக் குழந்தை உள்ள உங்கள் வீட்டில், உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கச் சொல்வதே என் தீர்க்கமான ஆலோசனை. அவர்கள் செய்வது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக முறையைச் சொல்கிறேன். தெளிப்பானால் மேற்பரப்பை இலேசாக நனைத்து, கூரான சுரண்டியை நாரின் போக்கிலேயே இழுக்க வேண்டும். நனைத்தால் தூசி எழாது. உரிந்த இடத்துக்கும் கெட்டியாக நிற்கும் பழைய பூச்சுக்கும் நடுவே படிபோல ஒரு விளிம்பு நிற்கும். அந்த விளிம்பை உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அதன் குறுக்கே தடவினால் எங்கே மரம் முடிந்து எங்கே பெயிண்ட் தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு அது சரிய வேண்டும். அப்படித் தேய்க்காமல் விட்ட விளிம்பில் புதுப் பூச்சு மெலிந்து படியும்; முதலில் வெடிப்பதும் அங்கேதான். நரைத்த மரத்தை 60 அல்லது 80 எண் உப்புத்தாளால், உள்ளிருக்கும் புதிய மஞ்சள் நிறம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். அதற்கு மேல் நைசாக மெருகேற்றத் தேவையில்லை. சற்றுச் சொரசொரப்பாக இருந்தால்தான் பிரைமர் பிடிக்கும். முடித்த பிறகு ஒட்டும் நாடாவை ஆங்காங்கே அழுத்தி ஒட்டிச் சடக்கென்று இழுத்துப் பாருங்கள். பழைய பூச்சு நாடாவுடன் வந்தால் அந்த இடத்தில் இன்னும் சுரண்ட வேண்டும்.

சன்னல் அடிக்கட்டைகளில் உரிவதற்கு அநேகமாக உளுத்த மரமே காரணம். கூரான திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் திருப்புளியைத் தடுக்கும், உளுத்தது உள்வாங்கிக்கொள்ளும். சிறிய அளவில் உளுத்திருந்தால் கெட்டியான மரம் வரும்வரை உளியால் எடுத்துவிட்டு, முழுதும் காய்ந்த பின் இரு பாகங்களைக் கலந்து பயன்படுத்தும் எபாக்சியால் நிரப்பலாம். பெரிதாக இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து அதே அளவில் புது மரத்தைப் பொருத்துவதே நல்லது. புதுப் பலகை எதைப் பொருத்தினாலும் முன்புறம், பின்புறம், ஓரங்கள், வெட்டிய முனைகள் என ஆறு பக்கங்களுக்கும் பிரைமர் அடித்த பிறகே ஆணி அறைய வேண்டும். வெட்டுமுனை வழியாக மரம் நீரை உறிஞ்சும் வேகம் மற்றப் பக்கங்களைவிடப் பல மடங்கு அதிகம்; ஆனால் ரம்பத்தால் அளவுக்கு அறுத்தவுடன் அப்படியே பொருத்திவிடுவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. ஆணி துருப்பிடிக்காத எஃகாகவோ, துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாகவோ இருக்க வேண்டும்.

பிரைமர் விஷயத்தில் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். மேல் பூச்சிலேயே பிரைமரும் அடங்கியிருக்கிறது என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை நம்பி வெறும் மரத்தின் மீது அதை அடிக்காதீர்கள். தேய்த்து எடுத்த பழைய மரத்துக்கும், செடார் பலகைக்கும் என் தேர்வு, மெதுவாக உலரும் எண்ணெய் வகைப் பிரைமர்தான். அது நாருக்குள் இறங்கிப் பிடிக்கிறது, செடாரில் உள்ள பழுப்புச் சாறு மேலே கசிந்து கறைபடுத்துவதையும் தடுக்கிறது. கறையைத் தடுக்கும் தரமான, நீரில் கரைத்த அக்ரிலிக் வகைப் பிரைமர்களும் இப்போது கிடைக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. மரக்கணுக்களின் மேல் மட்டும் அரக்கு வகைப் பிரைமரைத் தொட்டு வைக்கலாம். முழுச் சுவருக்கும் வெளிப்புறத்தில் அது உகந்ததன்று. பிரைமர் அடித்த பிறகு இரண்டு வாரத்துக்குள் முதல் கோட் ஏற வேண்டும். எண்ணெய்ப் பிரைமரை அதற்கு மேல் வெறுமையாக விட்டால் அதன் மேற்பரப்பில் சோப்புப் போன்ற படலம் உருவாகி அடுத்த கோட்டைப் பிடிக்கவிடாது. ஆகவே வீடு முழுவதையும் சுரண்டி, வீடு முழுவதற்கும் பிரைமர் அடித்து, பிறகு பெயிண்ட் என்று போகாமல், ஒவ்வொரு சுவராக எடுத்து முடித்துக்கொண்டு போவது உத்தமம்.

இடைவெளிகளை அடைப்பது பிரைமருக்குப் பின், பெயிண்டுக்கு முன். பலகை சன்னல் சட்டத்தைச் சந்திக்கும் செங்குத்து இடுக்குகளையும், மூலைக் கட்டைகளின் ஓரங்களையும் பெயிண்ட் ஏற்கும் அக்ரிலிக் அடைப்பானால் அடையுங்கள். தனிச் சிலிக்கான் மீது பெயிண்ட் பிடிக்காது. கவிந்திருக்கும் பலகைகளின் கீழ் விளிம்பை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள். இடுக்கு இருக்கிறதே என்று ஆர்வத்துடன் அதையும் அடைத்துவிடுபவர்கள் நிறையப் பேர். உள்ளே புகுந்த நீர் வெளியேறுவதும், சுவர் மூச்சு விடுவதும் அந்த இடுக்கு வழியாகத்தான். பழைய சன்னல்களில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் மக்கு உதிர்ந்திருந்தால் புதிதாக வைத்து, மேலே தோல் கட்டியபின் பெயிண்ட் அடியுங்கள். பூச்சு கண்ணாடியின் மேலும் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் ஏறி நிற்க வேண்டும், மழைநீர் மக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் புகாமலிருக்க அதுவே காப்பு.

மேல் பூச்சுக்கு, நீரை அடிப்படையாகக் கொண்ட முழு அக்ரிலிக் லேடெக்ஸ் வகையை வாங்குங்கள். பெயர்பெற்ற எந்த நிறுவனத்தின் உயர்தர வரிசையும் சரிதான். இதற்குமேல் பெயிண்டின் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது உலர்ந்த பிறகும் மரத்துடன் இழுபட்டுக்கொடுக்கும், நீராவியை ஓரளவு வெளியே விடும். கவலைப்பட வேண்டியது கனத்தைப் பற்றி. ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) பெயிண்டை 400 சதுர அடிக்குப் பரப்பினால் ஈரப் படலத்தின் கனம் 0.1 மில்லிமீட்டர்தான், உலர்ந்ததும் அதில் பாதிக்கும் குறைவாகிவிடும். பிரைமரும் இரண்டு கோட்டும் சேர்ந்து உலர்ந்த பிறகு இந்த 0.1 மில்லிமீட்டரை எட்டினால்தான் பூச்சு வெயிலுக்கு நிற்கும். ஒரே கோட் என்ற ஒப்பந்தக்காரரின் கணக்கு தவறுவது இங்கேதான். உதாரணமாக 1,800 சதுர அடிச் சுவருக்கு இரண்டு கோட்டுக்கு ஒன்பது முதல் பத்து காலன் செலவாக வேண்டும். ஐந்து காலனிலேயே முடிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், சுவரில் இருப்பது நிறம்தான், பாதுகாப்பு அல்ல.

அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதும் வேலையின் ஒரு பகுதியே. காற்றும் சுவரும் 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், இரவிலும் அதற்குக் கீழே அதிகம் இறங்காத நாட்களாக இருக்க வேண்டும். இதைவிடக் குறைந்த வெப்பநிலையிலும் உலரும் வகைகள் உள்ளன; டப்பாவில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். சுவரின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருப்பது அவசியம். காலையில் பனி முற்றிலும் காய்ந்த பின் தொடங்கி, மாலையில் பனி விழுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும். ஈரம் ஆறாத பூச்சில் பனி விழுந்தால், அடர் நிறங்களில் குறிப்பாக, பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான கோடுகள் வழியும். பெயிண்டில் உள்ள சோப்புத் தன்மையுள்ள பொருள்தான் அது. நீரால் அலசினால் போய்விடும், பதறி மறுபடி அடிக்க வேண்டாம். நேர் வெயில் படும் சுவரில் அடிக்கவே கூடாது. மேற்பரப்பு மட்டும் உடனே தோல்கட்டி, உள்ளே சிக்கிய ஈரம் கொப்புளமாக எழும்பும். வெயில் விலகிய சுவருக்கு வெயிலைப் பின்தொடர்ந்தே வீட்டைச் சுற்றி வர வேண்டும்.

மேலிருந்து கீழாக வாருங்கள். மூன்று நான்கு பலகைகளை ஒன்றாக எடுத்து, முதலில் ஒவ்வொன்றின் கீழ் விளிம்பையும் அடித்துவிட்டு, பிறகு முகப்பை, நாரின் போக்கில், ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலையோ சன்னலோ வரும்வரை நிறுத்தாமல் இழுங்கள். நடுப்பலகையில் நிறுத்தினால் அந்த இடம் கோடாக நிரந்தரமாகத் தெரியும். ரோலராலோ தெளிப்பானாலோ ஏற்றினாலும் உடனே பிரஷால் தேய்த்து உள்ளே அழுத்த வேண்டும். அக்ரிலிக்குக்குச் செயற்கை நார் பிரஷ். இயற்கை மயிர் பிரஷ் நீரில் ஊறித் தளர்ந்துவிடும். எண்ணெய் நனைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தாமாகவே தீப்பிடிக்கும், விரித்து உலர்த்துங்கள். ஏணியை ஒவ்வொரு நான்கடி உயரத்துக்கும் ஓரடி தள்ளிச் சாய்க்க வேண்டும். இரண்டாம் மாடி உயரத்துக்கு ஏணியைவிடச் சாரம் வாடகைக்கு எடுப்பதையே விரும்புவேன்.

ஆக, உங்கள் வீட்டில் பங்கீடு இப்படி அமையலாம். ஈரத்தின் மூலங்களை அடைப்பது, கழுவுவது, சுரண்டி முடித்துத் துப்புரவு செய்யப்பட்ட பிறகு தரைத்தளச் சுவருக்குப் பிரைமரும் பெயிண்டும் அடிப்பது உங்களால் முடிந்தவை. ஈயம் உள்ள பூச்சைக் கலைப்பதும், மாடி உயரமும் வெளியாட்களுக்கு. வாரத்தில் முடிப்பதாகச் சொன்னவரிடம், கைப்பட எழுதிய விவரம் கேளுங்கள்: ஈய வேலைக்கான சான்றிதழ் எண், எந்த இடங்களில் மரம்வரை தேய்ப்பார், பிரைமர் எது, எத்தனை கோட், எத்தனை காலன், பிரைமர் வைக்குமுன் ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும். இவற்றை எழுதித் தர மறுப்பவரின் குறைந்த விலை உங்களுக்கு இலாபமாகாது. தெற்குச் சுவரையும் சன்னல் கட்டைகளையும் முதல் கோடையில் முடித்துவிட்டு, விசிறி பொருத்திய பின் ஒரு குளிர்காலம் கடந்து ஈரப்பதம் இறங்கியதை உறுதிசெய்துகொண்டு, குளியலறைப் பக்கத்தை அடுத்த கோடையில் அடிப்பதே என் பரிந்துரை.

அதன்பின் ஆண்டுதோறும் வசந்தத்தில் ஒருமுறை கழுவி, சன்னல் அடிக்கட்டைகளிலும் வெட்டுமுனைகளிலும் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அன்றே தேய்த்துத் தொட்டு வையுங்கள். அதற்காக மிச்சப் பெயிண்டில் ஒரு காலனை, நிறக் குறியீட்டையும் அடித்த தேதியையும் மூடியில் எழுதி, உறைபனி எட்டாத நிலவறையில் வைக்க வேண்டும்; வெளிக்கொட்டகையில் வைத்த லேடெக்ஸ் ஒரு குளிர்காலத்திலேயே உறைந்து, திரிந்து, பயனற்றுப் போகும்.